படகுக் கணக்கில் பிள்ளைகள் சறுக்கும் இடம்

கிளிநொச்சியில் சாதாரண தர மாணவருக்குக் கணிதம் கற்பிக்கிறேன். படகுக் கணக்கைக் கரும்பலகையில் எழுதியதுமே பல முகங்கள் வாடிவிடும். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் கனகராயன் ஆறு மாரியில் இரணைமடுக் குளத்தை நிரப்பும். கோடையில் வெறும் மணல். ஆற்றில் எதிர்நீச்சலிடும் படகைப் பார்த்தே இராத பிள்ளை, வேறு வழியின்றிச் சூத்திரத்தை மனனம் செய்கிறது.

நான் தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றிலிருந்து தொடங்குவேன். பரந்தனிலிருந்து காலையில் எதிர்காற்றில் சைக்கிள் மிதித்து வருபவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. காற்று சைக்கிளைத் தள்ளத்தான் செய்யும். நீரோ படகைச் சுமந்துகொண்டே நகரும். அதனால்தான் நீரின் கதியைப் படகின் கதியோடு அப்படியே கூட்டவும் கழிக்கவும் முடிகிறது.

ஒரு படகு 24 கிலோமீற்றரை நீரோட்டத்துடன் 2 மணித்தியாலத்தில் கடக்கிறது. அதே தூரத்தை எதிர்த்துத் திரும்ப 3 மணித்தியாலம் எடுக்கிறது. நிலைநீரில் படகின் கதி ப, நீரோட்டத்தின் கதி ந என்க.

ப + ந = 12
ப − ந = 8

இந்த ஒருங்கமை சமன்பாடுகளைக் கூட்டினால் 2ப = 20. ஆகவே ப = 10, ந = 2. இதுவரை பெரும்பாலானோர் சரியாக வந்துவிடுவார்கள்.

அடுத்து, முழுப் பயணத்தின் சராசரிக் கதியைக் கேட்பேன். வகுப்பில் பாதிப் பேர் 10 என்பார்கள். தவறு. மொத்தத் தூரம் 48, மொத்த நேரம் 5. விடை மணிக்கு 9.6 கிலோமீற்றர். போகும்போது கிடைத்த உதவி வரும்போது கழிந்துபோகும் என்று மனம் கணக்குப் போட்டுவிடுகிறது. ஆனால் நீர் உதவியது 2 மணித்தியாலம்தான். அதில் கிடைத்த லாபம் 4 கிலோமீற்றர். எதிர்த்ததோ 3 மணித்தியாலம். நட்டம் 6 கிலோமீற்றர். எதிர்ப்புக்குள் படகு கூடுதல் நேரம் அகப்பட்டுக் கிடக்கிறது. இதைப் புரிந்துகொள்ளாத பிள்ளைக்குச் சூத்திரம் கொடுப்பதை நான் விரும்புவதில்லை.

அட்சரகணிதம் இதை ஒரே வரியில் காட்டுகிறது. போய்வரும் நேரம் 24/(ப + ந) + 24/(ப − ந). பொதுப் பகுதி எடுத்துச் சுருக்கினால் 48ப/(ப² − ந²). பகுதியில் இருப்பது நாம் கற்ற இரு வர்க்கங்களின் வித்தியாசமே. ந எவ்வளவு சிறிதானாலும் பகுதி ப²ஐ விடக் குறையும். எனவே ஓட்டமுள்ள நீரில் போய்வரும் நேரம் நிலைநீரில் எடுக்கும் நேரத்தை விட எப்போதும் கூடும். நீரோட்டம் 5 ஆனால், இதே பயணத்துக்கு 6.4 மணித்தியாலம்.

அந்த 6.4ஐ 6 மணி 40 நிமிடம் என்று எழுதிப் புள்ளியை இழப்பவர்களும் உண்டு. அது 6 மணி 24 நிமிடம்.

முன்னர் முல்லைத்தீவுக் கரையோரப் பாடசாலை ஒன்றில் இதைக் கற்பித்தபோது, நீரோட்டம் 10 ஆனால் என்னவாகும் என்று கேட்டேன். ப² − ந² பூச்சியம். வகுப்பு அமைதியானது. பின்வரிசையில் இருந்த மீனவர் மகள் எழுந்தாள்.

"படகு நின்ற இடத்திலேயே நிற்கும், சேர். எண்ணெய் மட்டும் தீர்ந்துகொண்டே போகும். அதனால்தான் அப்பா போகும்போது எரிந்த அளவை மட்டும் பார்த்துத் திரும்பி வர எண்ணெய் வைக்க மாட்டார்."