மார்கழிப் பனியும் ஆறு பஸ் தூரமும்

கரும்புச் சோகை முன்கண்ணாடியில் உரசிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஒரு ஜனவரி மாதம், காலை ஐந்தே முக்கால் மணி. லோடு ஏற்றிய லாரியோடு பரமத்தி வேலூர்க் காவிரிப் பாலத்தை நெருங்கிக்கொண்டிருந்தேன். எதிரே வெள்ளைத் திரை கட்டியது போலப் பனி. அந்தத் திரைக்குள்ளிருந்து கரும்பு ஏற்றிய டிராக்டர் டிரெய்லர் ஒன்று வந்து நின்றது. வந்து நின்றது என்றா சொன்னேன்? அது முன்பே அங்கேதான் நின்றுகொண்டிருந்தது, பின்னால் ஒரு சிவப்பு விளக்குகூட இல்லாமல். கிளீனர் பையன் இறங்கிப் பார்த்தான். பம்பருக்கும் டிரெய்லருக்கும் நடுவே ஒரு முழம்தான் இடைவெளி. நான் நாற்பதில் வந்ததால் வண்டி நின்றது. அறுபதில் வந்திருந்தால் நின்றிருக்காது.

பதினெட்டு வருஷம் லாரி ஓட்டிவிட்டு இப்போது நாமக்கல் பக்கம் கனரக வாகனப் பயிற்சி கொடுக்கிறேன். மார்கழி பிறந்தால் என் முதல் வகுப்பு பனியைப் பற்றித்தான்.

பனி பெய்கிறது என்று சொல்லிப் பழகிவிட்டோம். மூடுபனி மேலிருந்து பெய்வதில்லை, தரையை ஒட்டித்தான் உருவாகிறது. வடகிழக்குப் பருவமழை முடிந்த நேரம், மண்ணில் ஈரம் இருக்கும், ஏரி குளங்களில் தண்ணீர் நிற்கும். வானத்தில் மேகம் இருந்தால் அது தரைக்குப் போர்வை மாதிரி, சூட்டை வெளியே விடாது. மேகம் இல்லாத இரவில் தரை தன் சூட்டையெல்லாம் மேலே விட்டுவிட்டுக் குளிர்ந்துபோகும். அதை ஒட்டியிருக்கும் காற்றும் குளிரும். குளிர்ந்த காற்றில் அவ்வளவு நீராவி தங்காது. மிச்சம் இருப்பது தூசு, புகைத் துகள்களைப் பிடித்துக்கொண்டு நுண்ணிய நீர்த்துளியாக மாறும். மிகச் சிறிய துளி என்பதால் கீழே விழாமல் மிதக்கும். அதுதான் மூடுபனி. பலமாகக் காற்று அடித்தால் கலைந்துவிடும். லேசான காற்று போதும், நன்றாகப் படியும்.

ஓட்டுநர் இதை ஏன் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால், பனியை முதல்நாள் இரவே ஓரளவு கணிக்கலாம். மழை விட்டு ஓரிரு நாள் ஆகியிருக்கிறது, நட்சத்திரம் பளிச்சென்று தெரிகிறது, மரத்தில் இலை அசையவில்லை. அப்படியானால் விடியலில் பனி இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். குளிர்ந்த காற்று கனமானது, பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால்தான் மேட்டில் தெளிவாக வரும் சாலை, ஏரிக்கரைக்கோ ஆற்றுப் பாலத்துக்கோ இறங்கியதும் சட்டென்று மறைந்துபோகிறது. இன்னொன்று, விடிந்துவிட்டால் பனி விலகிவிடும் என்று நம்பி வேகம் கூட்டுகிறார்கள். சூரியன் எழும் நேரத்தில்தான் பல நாள் பனி மிக அடர்த்தியாக இருக்கும். விலக எட்டு, ஒன்பது மணி ஆகலாம். போகியன்று குப்பையையும் டயரையும் எரித்தால் அந்தப் புகையும் சேர்ந்துகொள்ளும். சென்னையில் போகிக் காலைகளில் விமானங்களே தாமதமாகியிருக்கின்றன. ஆஸ்துமா இருப்பவர்கள் அன்று காலை நடைப்பயிற்சிக்குப் போகாமல் இருப்பது நல்லது.

கொடைக்கானல், வால்பாறை மலைப்பாதையில் வருவது வேறு. அங்கே மேகமே சாலையில் உட்கார்ந்திருக்கும், மத்தியானத்திலும் வரும்.

ஆயிரம் மீட்டருக்குக் குறைவாகத் தெரிந்தாலே வானிலைக் கணக்கில் அது மூடுபனி. 200 மீட்டருக்குக் கீழே போனால் அடர் மூடுபனி, 50-க்கும் கீழே போனால் மிக அடர்ந்தது. மீட்டரில் சொன்னால் பையன்களுக்கு மனதில் நிற்பதில்லை. அதனால் பஸ் கணக்கில் சொல்கிறேன். ஒரு பஸ் சுமார் 12 மீட்டர் நீளம். 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், ஆபத்தைப் பார்த்து, காலை பிரேக்கில் வைத்து, நிற்பதற்குள் கிட்டத்தட்ட 70 மீட்டர் போய்விடும். ஆறு பஸ். அறுபதில் நாலு பஸ், நாற்பதில் இரண்டு பஸ்ஸுக்குக் கொஞ்சம் மேல். இது நல்ல டயர், காய்ந்த சாலைக்கு. லோடு லாரிக்கும் பனியில் நனைந்த தாருக்கும் இன்னும் கூடும். முன்னால் மூன்று பஸ் தூரம்தான் தெரிகிறது என்றால் அறுபதில் போக உங்களுக்கு வழியே இல்லை. மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு இந்தத் தூரத்தை நடக்கச் சொல்வேன். ஆறாவது பஸ்ஸின் கோட்டுக்குப் போய்த் திரும்பிப் பார்க்கும்போதுதான் அவர்கள் முகம் மாறும்.

பனியில் ஓரத்து மரமும் கட்டடமும் மறைந்துவிடுவதால் எவ்வளவு வேகத்தில் போகிறோம் என்று உடம்புக்குத் தெரியாது. ஸ்பீடாமீட்டர் முள்ளைப் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும்.

விளக்கு விஷயத்தில் நம் ஆட்கள் நிறையத் தவறு செய்கிறார்கள். பிரைட் போட்டால் வெளிச்சம் நீர்த்துளிகளில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பும். டிம்மில் ஓட்டுங்கள். மஞ்சள் விளக்கு பனியைத் துளைக்கும் என்பதும் சரியில்லை. நிறத்தால் பெரிய வித்தியாசம் கிடையாது. ஃபாக் லைட் தாழ்வாக இருந்து, அகலமாகத் தரையில் அடிப்பதால்தான் பயன். ஓடும்போது நாலு பக்க இண்டிகேட்டரையும் போடாதீர்கள். பின்னால் வருகிறவருக்கு நீங்கள் நிற்கிறீர்களா, போகிறீர்களா, திரும்பப்போகிறீர்களா என்று புரியாது. வண்டி பழுதாகி நின்றால் மட்டும் போடுங்கள். முன் வண்டியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டே போகிற பழக்கம் மிகவும் ஆபத்து. அவர் எங்கே மோதுகிறாரோ அங்கேதான் நீங்களும் மோதுவீர்கள். இடது ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பாருங்கள், பாட்டை நிறுத்திவிட்டு, வெளிச் சத்தம் கேட்க ஜன்னல் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்குங்கள்.

நார்த் லைன், அதாவது வடமாநில லோடு, போன காலத்தில் டெல்லி, ஆக்ரா பக்கம் பானெட்டுக்கு அப்பால் எதுவும் தெரியாத இரவுகளைப் பார்த்திருக்கிறேன். அங்கே ஓட்ட முடியாவிட்டால் தாபாவில் ஒதுங்கிவிடுவோம். நம் ஊரில் ஒதுங்க யோசிக்கிறார்கள், இல்லையென்றால் சாலை ஓரத்திலேயே நிறுத்துகிறார்கள். அது ஓட்டுவதைவிட மோசம். பெட்ரோல் பங்க், டீக்கடை என்று சாலையை விட்டு முழுக்க இறங்குங்கள்.

அப்புறம், அந்தக் கரும்பு டிராக்டர். கரும்பு வெட்டும் காலமும் பனிக்காலமும் ஒன்றாகவே வருகின்றன. கரும்புச் சோகை தொங்கி, இருக்கிற ஒன்றிரண்டு விளக்கையும் மறைத்துவிடும். டிரெய்லரின் பின்பக்கம் வெளிச்சம் பட்டால் மின்னும் சிவப்புப் பட்டை ஒட்டி, கிளம்பும் முன் ஈரத்துணியால் சேற்றைத் துடைத்தால் போதும், தூரத்திலேயே தெரியும். தைப்பூசத்துக்குப் பழனி போகும் பாதயாத்திரைக்காரர்களுக்கும் இதையேதான் சொல்வேன். பச்சை வேட்டி விடியல் இருட்டில் கறுப்பாகத்தான் தெரியும். நம் பட்டறையில் மிச்சமாகும் பட்டைத் துண்டுகளை வெட்டி வைத்திருக்கிறோம். நாமக்கல் பக்கமாகப் போகிறவர்கள் கேளுங்கள், முதுகுப் பையில் ஒட்டித் தருகிறோம்.