எத்தனை தொன் கொள்ளும் என்பது இரண்டாவது கேள்வி

முல்லைத்தீவிலோ பூநகரியிலோ மீனுக்கு ஓர் அரச குளிரறை வரப்போகிறது என்று பேச்சு எழுந்தால், கடற்றொழிலாளர் சங்கக் கூட்டத்தில் முதலில் வரும் கேள்வி "எத்தனை தொன் கொள்ளும்?" என்பதாகத்தான் இருக்கும். கட்டி முடித்த பிறகு பெயர்ப்பலகையிலும் அந்த எண்தான் பெரிதாக ஏறும். ஆனால் மீனைக் காப்பாற்றுவது வேறோர் எண். இன்று கரைக்கு வந்த மீனில் எத்தனை தொன்னை நாளை விடிவதற்குள் உறைய வைக்கலாம்? இரண்டையும் ஒன்றென்று நினைத்துத் திட்டம் போட்டால் பெரிய அறை கிடைக்கும், நல்ல மீன் கிடைக்காது.

மீன் கடலை விட்டு வந்ததுமே இரண்டு வேலைகள் தொடங்கிவிடும். சதையில் இருக்கும் நொதியங்கள் அந்தச் சதையையே கரைக்கும். அப்புறம் தோலிலும் செவுளிலும் குடலிலும் இருந்த பக்டீரியாக்கள் உள்ளே இறங்கும். இரண்டின் வேகமும் வெப்பநிலையின் கையில்தான் இருக்கிறது. மீன் தொழில்நுட்பத்தில் இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. 0 பாகை செல்சியஸில் மீன் பழுதாகும் வேகத்தை 1 என்று வைத்தால், 5 பாகையில் அது இரண்டே கால், 10 பாகையில் நான்கு. 10 பாகையில் ஒரு நாள் கிடந்த மீன், ஐஸுக்குள் நான்கு நாள் கிடந்த மீனுக்குச் சமம். 30 பாகையைத் தாண்டும் வன்னிக் கரையில் நாட்கணக்கே கிடையாது, மணித்தியாலக் கணக்குத்தான்.

சூரை, கும்பளா போன்ற மீன்களில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. வெப்பத்தில் கிடந்தால் பக்டீரியாக்கள் அவற்றின் சதையில் ஹிஸ்ரமின் என்ற பொருளை உண்டாக்கும். சாப்பிட்டவருக்கு முகம் சிவக்கும், தலை இடிக்கும், உடம்பு தடிக்கும். ஒருமுறை உண்டான ஹிஸ்ரமினைச் சமைத்தும் போக்க முடியாது, உறைய வைத்தும் போக்க முடியாது. ஆகவே குளிரறைக்கான திட்டம் குளிரறை வாசலில் தொடங்க முடியாது, படகில் தொடங்க வேண்டும். அங்கே வேலை செய்வது ஐஸ்.

ஐஸின் பலம் அது உருகுவதில் இருக்கிறது. ஒரு கிலோ ஐஸ் 0 பாகையில் உருகி 0 பாகைத் தண்ணீராக மாற 334 கிலோயூல் வெப்பத்தை விழுங்கும். ஒரு கிலோ மீனை 30 பாகையிலிருந்து 0 பாகைக்கு இறக்க எடுக்கவேண்டிய வெப்பம் ஏறத்தாழ 110 கிலோயூல்தான். கடதாசியில் பார்த்தால் மூன்று கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் போதும். ஆனால் வெயிலும் காற்றும் பெட்டிச் சுவரும் தங்கள் பங்கைக் கேட்கும். அதனால் வெப்ப நாடுகளில் கிலோவுக்குக் கிலோ என்பதுதான் நடைமுறை. ரெஜிபோம் பெட்டியின் மூடி உடைந்திருந்தால் அதுவும் காணாது. மாலையில் போய் விடியக் கரைசேரும் சிறு படகில் வலையும் எண்ணெய்க் கலனும் ஆட்களும் போக மிஞ்சும் இடம் கொஞ்சம்தான். அந்த இடத்துக்குப் பொருந்தும் அளவில் ஒரு நல்ல ஐஸ் பெட்டியைச் சங்கத்தின் ஊடாகக் கொடுப்பதும் இந்தத் திட்டத்தின் செலவுக்குள்ளேயே வரவேண்டும் என்பது என் கருத்து.

ஐஸில் வந்த மீனை ஒரு இரவு வைத்திருந்து காலையில் லொறியேற்றுவதற்குக் குளிரூட்டும் அறை வேண்டும். இதில் பலர் எதிர்பாராத ஒரு விசயம் உண்டு. இந்த அறையை 0 பாகைக்குக் கீழே கொண்டுபோகக் கூடாது. 0 முதல் 4 பாகைக்குள் இருந்தால்தான் ஐஸ் மெதுவாக உருகும், உருகிய தண்ணீர் மீனைத் தொட்டு வெப்பத்தை இழுத்துக்கொண்டு, சளியையும் பக்டீரியாவையும் கழுவி, பெட்டியின் அடித்துளையால் வெளியே போகும். இன்னும் குளிராக்கினால் ஐஸ் கட்டியாக இறுகி நிற்கும். மீனுக்கும் ஐஸுக்கும் இடையில் காற்றுவெளி விழும், வேலை நின்றுவிடும்.

சரி, உறைய வைக்கும் கட்டத்துக்கு வருவோம்.

மீன் சதையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அது -1 பாகைக்குச் சற்றுக் கீழே உறையத் தொடங்கும், -5 பாகைக்கு வரும்போது நான்கில் மூன்று பங்கு உறைந்திருக்கும். இந்தக் குறுகிய இடைவெளியை மீன் எவ்வளவு வேகமாகக் கடக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வேகமாகக் கடந்தால் சின்னச் சின்னப் பளிங்குகளாக உறையும், சதை கெடாது. மெதுவாகக் கடந்தால் பளிங்குகள் பெரிதாக வளர்ந்து சதையின் கலங்களைக் கிழிக்கும், புரதமும் கெடும். பிறகு உருக வைக்கும்போது தண்ணீர் ஓடி, சட்டியில் போட்டால் சக்கையாக இருக்கும். "ஐஸ் மீன் ருசியில்லை" என்று சனம் சொல்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். உறைந்ததால் வந்த பழுது என்று நினைக்கிறோம், உண்மையில் மெதுவாக உறைந்ததால் வந்த பழுது.

வேகமாக உறைய வைக்க -35 பாகைக் காற்றை, செக்கனுக்கு 3 முதல் 5 மீற்றர் வேகத்தில், இடைவெளி விட்டு அடுக்கிய தட்டுகளுக்கு ஊடாக வீச வேண்டும். இதுதான் உறைய வைக்கும் அறை. -18 பாகையிலோ அதற்குக் கீழேயோ நிற்கும் களஞ்சிய அறை வேறு. அது உறைந்து வந்த மீனை அப்படியே வைத்திருக்கத்தான் செய்யப்பட்டது. உறையாத மீனை நேரே அதற்குள் கொட்டினால் மூன்று கெடுதிகள் ஒன்றாக நடக்கும்: புது மீன் மெதுவாக உறையும், பக்கத்தில் இருக்கும் பழைய மீன் வெப்பமேறும், இயந்திரம் ஓயாமல் ஓடி மின்கட்டணம் ஏறும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 10 மீற்றர் நீளம், 8 மீற்றர் அகலம், 4 மீற்றர் உயரமுள்ள களஞ்சிய அறை. சுவர், கூரை, தரை எல்லாம் சேர்த்து 304 சதுர மீற்றர். 150 மில்லிமீற்றர் தடிப்பான பொலியூரித்தேன் வெப்பக்காப்புப் பலகை போட்டால் ஒரு சதுர மீற்றருக்கு, ஒரு பாகை வித்தியாசத்துக்கு, சுமார் 0.15 வாற்று வெப்பம் உள்ளே கசியும். வெளியே 32 பாகை, உள்ளே -20 பாகை. 52 பாகை வித்தியாசத்துக்கு ஏறக்குறைய 2.4 கிலோவாற்று. அவ்வளவு பெரிய அறையின் சுவர்களால் வரும் வெப்பம் அவ்வளவுதான்.

இப்போது 5 தொன் மீனை 5 பாகையிலிருந்து -20 பாகைக்கு 12 மணித்தியாலத்தில் கொண்டுபோக வேண்டும் என்று வைப்போம். ஒரு கிலோவிலிருந்து சுமார் 300 கிலோயூல் வெப்பத்தை எடுக்க வேண்டும், அதில் பெரும் பங்கு தண்ணீர் ஐஸாக மாறும்போது விடும் வெப்பம். மொத்தத்துக்கு இயந்திரம் இடைவிடாமல் கிட்டத்தட்ட 35 கிலோவாற்று வெப்பத்தை இழுக்க வேண்டும். 2.4 எங்கே, 35 எங்கே! அதே மீன் ஐஸ் இல்லாமல் 30 பாகையில் வந்தால் இந்தச் சுமை இன்னும் மூன்றிலொரு பங்கு அளவுக்குக் கூடும். கரையில் போடாத ஐஸின் செலவை அறையின் மின்மானி அறவிடும்.

இயந்திரம் செய்வது வெப்பத்தைச் சுமந்து வெளியே கொட்டும் வேலை. அமோனியாவைப் பாருங்கள். சாதாரண வளிமண்டல அமுக்கத்தில் அது -33 பாகையிலேயே கொதித்துவிடும், கொதிக்கும்போது சுற்றியிருக்கும் வெப்பத்தை உறிஞ்சும். அந்த ஆவியைக் கொம்பிரசர் அமுக்கிச் சூடாக்கும். வெளியே இருக்கும் குழாய்களில் அது வெப்பத்தை விட்டுத் திரவமாகும். பிறகு ஒரு சின்ன வால்வால் அமுக்கம் குறைந்து மறுபடி உள்ளே போய்க் கொதிக்கும். உள்ளே எவ்வளவு கீழே போகிறோமோ அவ்வளவுக்கு இந்த ஏற்றம் செங்குத்தாகும், ஒவ்வொரு பாகைக்கும் மின்செலவு நூற்றுக்கு 2, 3 வீதம் கூடும். அமோனியா மலிவு, ஓசோனுக்கும் கேடில்லை. ஆனால் நச்சு வாயு. பயிற்சி பெற்ற ஆள் இரவு பகல் இல்லாத இடத்தில் அதை வைக்கவே கூடாது.

கட்டடத்தில் கண்ணுக்குத் தெரியாத இரண்டு இடங்களில் பணத்தை மிச்சம் பிடிக்கக் கூடாது. ஒன்று, பலகைகளின் மூட்டு. வெளியிலிருக்கும் ஈரக்காற்று உள்ளே போகப் பார்த்துக்கொண்டேயிருக்கும். மூட்டில் இடைவெளி இருந்தால் ஈரம் காப்புக்குள் புகுந்து உறைந்து, சில வருடங்களில் பலகை பேருக்குத்தான் இருக்கும். அதனால் ஈரத்தடை வெளிப்பக்கத்தில், இடைவெளியின்றி இருக்க வேண்டும். மற்றது தரை. காப்புப் போட்டாலும் குளிர் மெல்ல மெல்லக் கீழே இறங்கும், நிலத்து ஈரம் உறைந்து பெருத்துத் தரையையே தூக்கும். நம்முடைய வெக்கைக்கு ஹீற்றர் தேவைப்படாது. தரைக்கடியில் குழாய் வைத்து வெளிக்காற்றை ஓடவிட்டாலே போதும். கதவுக்கு முன்னால் ஒரு இடை அறை இருந்தால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் உள்ளே பாயும் வெப்பம் குறையும்.

மின்சாரம் நின்றால்? 2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. மேலே சொன்ன அறையில் 20 தொன் உறைந்த மீன் இருந்து, கதவும் திறக்காவிட்டால், சுவரால் வரும் வெப்பம் அதை ஒரு நாளைக்கு 5 பாகை அளவுக்குத்தான் ஏற்றும். 13 மணித்தியாலத்தைக் களஞ்சிய அறை தாங்கும். தாங்காதது பாதி உறைந்த நிலையில் நிற்கும் அன்றைய மீன். ஜெனரேற்றரை உறைய வைக்கும் அறையின் சுமைக்குப் பார்த்து வாங்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். சோலர் பனலைப் பகலில் ஐஸ் செய்ய விடலாம். ஒரு தொன் ஐஸுக்கு நம் வெப்பநிலையில் 50 முதல் 70 அலகு மின்சாரம் பிடிக்கும். செய்த ஐஸைச் சேமித்து வைக்க முடியும், உறைய வைக்கும் வேகத்தைச் சேமிக்க முடியாது. மீன் குவியும் நாளின் உச்சத்தை ஐஸால் சமாளித்து, உறைய வைக்கும் இயந்திரத்தை நடுத்தர அளவில் வைத்தால் செலவு கட்டுக்குள் நிற்கும்.

எங்கே கட்டுவது? 2004 ஆழிப்பேரலையில் முல்லைத்தீவுக் கரை பட்ட பாட்டை மறந்து கரையோரத்தில் இயந்திரம் வைக்க யாரும் துணியக் கூடாது. உப்புக்காற்றும் குழாய்களை அரித்துவிடும். மாத்தளன், அளம்பில், நாயாறு, கொக்கிளாய் போன்ற இறங்குதுறைகளில் ஐஸும் சிறு குளிரூட்டும் அறையும் போதும். உறைய வைப்பதும் களஞ்சியமும் உள்ளே தள்ளி, மாங்குளம் வீதியோ பரந்தன் வீதியோ எட்டும் மேட்டு நிலத்தில் இருக்கலாம். மேற்கே நாச்சிக்குடா, வலைப்பாடு, இரணைமாதாநகர்ப் பக்கத்துக்கு மன்னார்–பூநகரி வீதியை ஒட்டி இன்னொன்று. நல்ல தண்ணீர் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஒரு தொன் ஐஸுக்கு ஆயிரம் லீற்றர் குடிதண்ணீர் வேண்டும், கழுவுவதற்கு வேறு. ஆடி ஆவணியில் கரையோரக் கிணறுகள் உவர்ப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

இதை ஏன் அரசும் சங்கங்களும் வைத்திருக்க வேண்டும்? இஞ்சினுக்கும் வலைக்கும் முதலாளியிடம் முற்பணம் வாங்கியவர் அவர் சொல்லும் விலைக்கே மீனைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. கடனை அறை தீர்க்காது. ஆனால் விற்காமல் இரண்டு நாள் பொறுக்கும் வசதி இருந்தால் பேரம் பேச ஒரு வாய் கிடைக்கும். அறையும் முதலாளியுடையதாகவே இருந்தால் அந்த வாயும் இல்லை. இலங்கை கடற்றொழில் கூட்டுத்தாபனம் 1964 இல் தொடங்கப்பட்டது, அரசு இந்தத் தொழிலுக்குள் கைவைப்பது புதிய யோசனை இல்லை. புதிதாகச் செய்ய வேண்டியது கட்டணத்தை இயந்திரத்தின் கணக்குப்படி பிரிப்பது: உறைய வைப்பதற்கு கிலோவுக்கு ஒரு தடவைக் கட்டணம், வைத்திருப்பதற்கு நாளுக்கு ஒரு சிறு கட்டணம். 35க்கும் 2.4க்கும் உள்ள வித்தியாசம் பற்றுச்சீட்டில் தெரிய வேண்டும். ஐஸில் வந்த மீனுக்குக் கட்டணம் குறைய வேண்டும், அது இயந்திரத்துக்கும் சுமை குறைந்த மீன். முப்பது கிலோவோடு வருபவரின் பெட்டிக்கும் சங்கத்தின் அடையாள எண்ணோடு இடம் இருக்க வேண்டும். உள் வெப்பநிலையைக் காட்டும் பலகை வெளிச்சுவரில், றோட்டால் போகிறவருக்கும் தெரியும்படி இருக்கட்டும்.

எல்லா மீனையும் உறைய வைக்கவும் தேவையில்லை. அறக்குளா, கணவாய், இறால் அந்தச் செலவைத் தாங்கும். சாளை, சூடை போன்ற கொழுப்பு மீன்கள் -18 பாகையிலும் நான்கு மாதத்துக்கு மேல் நன்றாக இருக்காது, கொழுப்பு காறிப்போகும். -30 பாகையில் வைத்தால் ஒரு வருடம் போகும், ஆனால் அந்தச் செலவுக்குச் சூடையின் விலை கட்டாது. குவியும் சூடைக்குக் கருவாடே நல்ல வழி.

கிழக்கே வாடை அடிக்கும் மாதங்களில் படகுகள் இறங்காது, மேற்கே சோளகம் என்ற தென்மேற்குக் காற்றில் கடல் குழம்பும். ஒரே பெரிய அறையைக் கட்டினால் மீன் இல்லாத மாதங்களிலும் அதைக் குளிரில் வைத்திருக்கும் மின்கட்டணம் வரும். அதே கொள்ளளவை மூன்று நான்கு சிறு அறைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி இயந்திரம் வைத்தால் வெறுமையானவற்றை நிறுத்திவிடலாம், ஒன்று பழுதானால் மற்றதற்கு மாற்றலாம். வாடைக் காலத்தில் முல்லைத்தீவு ஐஸை முத்தையன்கட்டு, வவுனிக்குளம், இரணைமடு நன்னீர் மீன்பிடிக்காரருக்கு அனுப்பலாம், குளத்து மீனும் வெக்கையில் பழுதாகத்தான் செய்கிறது. எத்தனை அறை, எத்தனை தொன் என்று முடிவெடுக்க ஒவ்வொரு இறங்குதுறையிலும் சங்கம் ஒரு முழு வருடத்துக்கு நாளாந்தம் ஒரு கொப்பி எழுதினால் போதும்: திகதி, மீனின் பெயர், நிறை, இறங்கிய நேரம், போட்ட ஐஸ், கரையில் கிடைத்த விலை. அந்தக் கொப்பி நிரம்பும் வரை கேள்விப்பத்திரம் கோர வேண்டாம்.