ரோரா: ஒரு ஷோனா சொல்லும் அதற்கு உரிய தமிழும்

ஜிம்பாப்வேயின் ஷோனா மக்களிடையே திருமணத்தின்போது மணமகன் வீட்டார் பெண் வீட்டாருக்குக் கொடுக்கும் கால்நடை, பணம், பொருள் ஆகிய அனைத்துக்கும் சேர்த்து வழங்கும் பெயர் ரோரா. தமிழில் இச்சொல்லைக் குறிக்க நேரும்போது ‘மணமகள் விலை’ என்று எழுதிவிடுகிறோம். அது ஆங்கிலத்தின் வழியாக வந்த மொழிபெயர்ப்பு. ரோரா என்ற சொல்லுக்குள் விலை என்ற பொருளே கிடையாது.

ஷோனாவில் ‘குரோரா’ என்பது வினைச்சொல். ஆண் ஒருவன் மணம் செய்துகொள்வதைக் குறிப்பது. அதன் செயப்பாட்டு வடிவமான ‘குரோர்வா’ பெண்ணுக்கு உரியது. மணமான ஆணும் பெண்ணும் தம் நிலையைச் சொல்ல ஒரே வினையின் இரு வேறு வடிவங்களைப் பயன்படுத்துகின்றனர். நம் வழக்கில் பெண்ணுக்கு மட்டும் ‘வாழ்க்கைப்பட்டாள்’ என்று சொல்வது இதற்கு அருகில் வரும். அதே வேரிலிருந்து வந்த ‘முரோரா’ மணமகளையும் மருமகளையும் குறிக்கும். நிதேபெலே, ஜூலு மொழிகளில் உள்ள லொபோலா இதன் உடன்பிறந்த சொல். அம்மொழிகளில் லகரம் வரும் இடத்தில் ஷோனாவில் ரகரம் வருவது இயல்பு. ஜிம்பாப்வேயின் செய்தித்தாள்களும் நீதிமன்றங்களும் பெரும்பாலும் லொபோலா என்றே எழுதுகின்றன. கடையில் பொருள் வாங்குவதற்கு ஷோனாவில் ‘குதெங்கா’ என்ற தனி வினை இருக்கிறது. ஆனால் மணம் முடிப்பதற்கு உரிய வினை குரோராவே. ரோராவுக்கு ‘ப்ஃபூமா’ என்ற பெயரும் உண்டு. அதன் நேர்ப்பொருள் செல்வம்.

மணமகன் பெண் வீட்டாரோடு நேரே பேசுவதில்லை. ‘முன்யாய்’ எனப்படும் தூதுவரே பேசுகிறார். பெண் வீட்டார் வாய் திறந்து பேசத் தொடங்குவதற்கே ஒரு சிறு தொகை வைக்க வேண்டும்; அதன் பெயரே ‘வாய் திறப்பது’ என்று பொருள்படும். தந்தையின் உடன்பிறந்தாளான அத்தை, வந்திருப்பவர்களை அறிவாயா என்று பெண்ணிடம் கேட்க, பெண், பணம் வைத்த தட்டிலிருந்து தனக்கென்று சிறிது எடுத்துக்கொள்வதில் அவளது சம்மதம் வெளிப்படுகிறது. குழந்தைப் பருவத்தில் மகள் தன் தாடியைப் பிடித்து விளையாடியதற்கென்று தந்தை பெறுவது ஒன்று. வயிற்றில் சுமந்ததற்கென்று தாய் பெறுவது ஒன்று. இப்படிச் சிறு தொகைகள் பல இருந்தாலும், ரோராவின் உடல் இரண்டு பகுதிகளால் ஆனது. கணவன், மனைவி என்ற உறவுக்கு உரியது ‘ருட்சம்போ’. பிறக்கும் பிள்ளைகளைத் தந்தையின் குலத்தோடு சேர்ப்பது ‘தங்கா’. தங்கா என்றால் மாட்டுப்பட்டி. பிள்ளைகள் தந்தையின் ‘முத்துபோ’, அதாவது சிங்கம், குரங்கு, வரிக்குதிரை போன்ற குலக்குறிப் பெயரைத் தாங்குகிறார்கள். ஒரே குலக்குறி உடையவர்கள் மணந்துகொள்வதில்லை.

இவற்றோடு ‘மோம்பே யெஉமாய்’ எனப்படும் தாய்மைப் பசுவும் உண்டு. அது பெண்ணின் தாய்க்கே உரியது. மற்ற மாடுகளுக்கு ஈடாகப் பணம் கொடுக்கும் நகரத்துக் குடும்பங்களும் இதை மட்டும் உயிருள்ள பசுவாகக் கொடுக்கவே முயல்கின்றன; தவறினால் தாய்வழி முன்னோர் சினம் கொள்வர் என்பது நம்பிக்கை.

பெண் வீட்டுக்கு வந்த மாடுகள் பெரும்பாலும் அங்கேயே நிற்பதில்லை. அவளுடைய சகோதரன் மணம் முடிக்க அவையே ரோராவாகச் செல்லும். எந்தச் சகோதரியின் மாடுகளால் அவனுக்கு மணம் முடிந்ததோ அவள் அவனுக்குச் ‘சிபாண்டா’ ஆகிறாள். அவன் குடும்பத்தில் தனி அதிகாரமும் பெறுகிறாள். அவன் பிள்ளைகளின் திருமணப் பேச்சில் அத்தைக்கு அத்தனை இடம் கிடைப்பதன் வேர் இங்குதான் இருக்கிறது. விலை என்று எழுதினால் இந்தச் சுழற்சி முழுவதும் மறைந்துவிடுகிறது. மேலும், வாங்கியவருக்கும் விற்றவருக்கும் உள்ள தொடர்பு விலை கொடுத்ததும் முடிந்துவிடும், ரோராவோ முடிவதில்லை. மருமகன் ஓர் அத்திமரம், அதன் கனியைத் தின்று தீர்க்க முடியாது என்கிறது ஷோனாப் பழமொழி.

கொடுக்கப்பட்ட பொருளும் காலந்தோறும் மாறியே வந்திருக்கிறது. ந்ஜன்ஜா இனத்துக் கொல்லர்கள் அடித்த இரும்பு மண்வெட்டிகள் ஒரு காலத்தில் ரோராவாகச் சென்றன. மாடில்லாத இளைஞன் மாமனார் வீட்டில் சில ஆண்டுகள் உழைத்துப் பெண்ணை மணக்கும் வழக்கமும் இருந்தது. 1896இல் வந்த மாட்டுக் கொள்ளைநோய் மந்தைகளை அழித்தது. காலனியாட்சி விதித்த குடிசைவரியைப் பணமாகச் செலுத்த வேண்டிய கட்டாயம் இளைஞர்களைச் சுரங்கங்களுக்கும் பண்ணைகளுக்கும் அனுப்பியது. அங்கே ஈட்டிய கூலி ரோராவுக்குள் பணமாக நுழைந்தது. தந்தையின் மந்தையை எதிர்பார்த்திருந்த மகன், சொந்தச் சம்பாத்தியத்தால் மணம் முடிக்கலாம் என்ற நிலையும் வந்தது. நாட்டு நாணயம் மதிப்பிழந்து 2009இல் கைவிடப்பட்ட பின் ரோரா அமெரிக்க டாலரில் பேசப்படலாயிற்று. தென்னாப்பிரிக்காவிலோ பிரிட்டனிலோ வேலை பார்க்கும் மணமகனிடம் கூடுதலாகக் கேட்பதும், மகளின் பட்டப்படிப்பைக் காட்டித் தொகையை உயர்த்துவதும் நடக்கின்றன. இங்கே ரோரா உண்மையிலேயே விலையின் சாயலைப் பெறுகிறது. ரோரா கொடுத்ததையே காட்டி மனைவியை அடக்குவதை ஜிம்பாப்வேப் பெண்கள் பல பத்தாண்டுகளாகக் கண்டித்து வருகிறார்கள். அந்தக் கண்டனத்தில் முழு நியாயம் இருக்கிறது. ரோரா பாக்கியிருக்க மனைவி இறந்தால், அதைக் கொடுத்து முடிக்கும்வரை அடக்கம் செய்யவிடாமல் பிறந்த வீட்டார் தடுப்பதும் உண்டு. அப்போது கொடுப்பதற்குக் ‘குரோரா குவா’, அதாவது கல்லறையை மணத்தல், என்று பெயர்.

விடுதலைக்குப் பின் சட்டம் இதில் நுழைந்தது. 1980இல் நாடு விடுதலை பெற்றது. 1982இல் வந்த சட்டம் பதினெட்டு வயது நிறைந்த பெண்ணையும் முழு உரிமையுள்ள ஆளாக ஏற்றது. அதன் அடிப்படையில், அத்தகைய பெண் தந்தையின் இசைவும் ரோராவும் இன்றியே மணக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1984இல் தீர்ப்பளித்தபோது, மூத்தோரிடமிருந்து பெரும் எதிர்ப்பு எழுந்தது. 2013ஆம் ஆண்டின் அரசமைப்பு, பெண்களின் உரிமையை மீறும் வழக்காறுகள், மீறும் அளவுக்குச் சட்டப்படி செல்லுபடியாகா என்றது. இத்தனைக்குப் பிறகும் பெரும்பாலான குடும்பங்கள் ரோரா கொடுத்தே மணம் முடிக்கின்றன. பல பெண்கள் தங்களுக்கு அது கொடுக்கப்பட வேண்டும் என்றே விரும்புகிறார்கள்.

தமிழில் எப்படிச் சொல்லலாம்? சீதனமும் வரதட்சணையும் எதிர்த்திசையில், பெண் வீட்டிலிருந்து மணமகன் வீட்டுக்குச் செல்பவை, ஆகவே பொருந்தா. பரிசம் திசையில் ஒத்துப்போகிறது. ஆனால் பரிசம் போடுகையில் சேலையும் நகையும் பெரும்பாலும் மணப்பெண்ணையே சேர்கின்றன. ரோரா சேர்வதோ அவளுடைய பெற்றோரையும் குடும்பத்தையும். இன்னும் நெருங்கிய சொல் நம் அகத்திணை மரபில் இருக்கிறது: வரைபொருள். வரைதல் என்றால் மணத்தல். மணத்துக்கு வேண்டிய பொருளை ஈட்டிவரத் தலைவன் பிரிந்து செல்வதை வரைபொருட்பிரிவு என்று வழங்கினர். குரோரா என்ற வினைக்கு வரைதலும், ப்ஃபூமாவுக்குப் பொருளும் நேராக அமைகின்றன. கூலி வேலைக்குப் புறப்பட்ட ஷோனா இளைஞனின் பிரிவுக்கும் அந்தத் துறைப்பெயர் பொருந்தும். ஆய்வெழுத்தில் ரோரா என்ற சொல்லையே எழுதி, முதல் இடத்தில் வரைபொருள் என்று விளக்கலாம். நாளிதழ் நடையில் ‘மணப்பரிசம்’ என்று எழுதி, அது பெண்ணின் பெற்றோருக்குச் செல்வது என்று ஒரு தொடரில் சொல்லிவிடலாம். மணமகள் விலை என்பதை, ரோரா வணிகமாகிவிட்டது என்று கண்டிக்கிறவர்களின் கூற்றை எடுத்துரைக்கும் இடத்தில் மட்டும் பயன்படுத்துவது தகும்.