மொரிஸ் மைனரின் முன்சில்லைத் தாங்கும் மரை

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த மொரிஸ் மைனர் காரின் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங் இல்லை. அந்த வேலையை, காரின் அடியில் நெடுக ஓடும் ஓர் உருக்குக் கம்பி செய்கிறது. பின்முனை சட்டத்தில் அசையாமல் பூட்டியிருக்கும். முன்முனை, சில்லைச் சட்டத்தோடு இணைக்கும் கீழ்க்கையோடு பிணைந்திருக்கும். சில்லு மேலெழும்பினால் கம்பி முறுகும், முறுக்கு அவிழும்போது சில்லைக் கீழே தள்ளும்.

இப்படி முறுகும் கம்பியின் விறைப்பு, விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. நீளம் முழுக்கத் துரு தின்று விட்டம் 10% குறைந்தால், விறைப்பில் 34% போய்விடும். திருகோணமலைக் கடலோரத்து நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் இது வெறும் கணக்கல்ல. படிந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்திருப்பதால், மழையில்லாத நாளிலும் இரும்பு நனைந்தே கிடக்கும்.

ஆனாலும் எனக்குக் கம்பியைவிட ட்ரனியனில்தான் பயம். சில்லைத் தாங்கும் நிலைக்காலின் இரு முனையிலும் மரை வெட்டியிருக்கும். அதன்மேல் ஏறியிருக்கும் தடித்த நட்தான் ட்ரனியன். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் நிலைக்கால் இந்த மரைக்குள் சுழல்கிறது. கிறீஸ் வற்றினால் மண்ணும் தண்ணீரும் புகுந்து மரையை அராவும். கடைசியில் கீழ் ட்ரனியனிலிருந்து நிலைக்கால் கழன்று, சில்லு மடிந்து படுத்துவிடும். பெரும்பாலும் இது ஓட்டத்தில் அல்ல, மெதுவாக வளைத்துத் திருப்பும்போது நடக்கும். அந்த மட்டில் அதிர்ஷ்டம்.

ஜக் வைத்துத் தூக்கி, ஸ்டாண்டில் இருத்தி, சில்லின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் குற்றம் பெயரிங்கில். நிற்காவிட்டால் ட்ரனியனைச் சந்தேகியுங்கள்.

ட்ரனியனைக் கழற்றுவதற்கு முன் கீழ்க்கைக்கு அடியில் ஜக் கட்டாயம். முறுகிய கம்பியின் சக்தி அந்தக் கையில் காத்திருக்கிறது; ஜக்கோடு மெல்ல இறக்கினால்தான் அது அடங்கும். மேற்கை என்று தனியாக ஒன்றும் கிடையாது, ஷொக் அப்சோபரின் கையே மேற்கை. ட்ரனியன் வாங்கும்போது இடம், வலம் சொல்லி வாங்குங்கள், இரண்டும் வேறு.

கைகளின் மூட்டில் இருக்கும் றப்பர் புஷ்களின் நட்டைக் கார் சில்லில் நிற்கும்போதே கடைசியாக இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால், இறக்கியவுடன் றப்பர் முறுகியபடியே நின்று சீக்கிரம் கிழியும். பிறகு ட்ரனியனுக்குக் கிறீஸ் கன்: பழைய கறுப்புக் கிறீஸ் முழுதும் வெளியேறி, புதியது பிதுங்கும்வரை அடியுங்கள்.