சென்சார் காட்டும் எண்ணும் அறுவைச் சிகிச்சை நாளும்

திருப்பூர், ஈரோடு பக்கமிருந்து அறுவைச் சிகிச்சைக்கு வரும் சர்க்கரை நோயாளிகளில், மேல்கையில் குளுக்கோஸ் சென்சார் (சர்க்கரை அளவை அளந்தபடியே செல்போனுக்கு அனுப்பும் சிறு கருவி) ஒட்டியிருப்பவர்களை இப்போது அடிக்கடி பார்க்கிறேன். மயக்க மருத்துவராக எனக்கு அதில் மகிழ்ச்சியே. ஆனால் பித்தப்பைக் கல்லுக்காக அண்மையில் சேர்ந்து, மயக்க மருந்துக்காக வெறும் வயிற்றோடு இருக்க வேண்டிய ஒருவருக்கு, அதிகாலையில் செல்போன் ‘சர்க்கரை குறைவு’ என்று அலறியதும், வெளிநாட்டில் இருந்தபடி அதே அளவைத் தன் போனில் பார்த்துப் பதறிய மகனின் சொற்படி வீட்டார் பால் காபி கொடுத்துவிட்டதால், அன்றைய அறுவைச் சிகிச்சையே தள்ளிப்போனது. இது முதல் முறையாக இருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன்.

அவர் சென்சார் இருந்த கையின் மேலேயே ஒருக்களித்துப் படுத்திருந்தார். அந்தக் கருவி இரத்தத்தை அளப்பதே இல்லை. தோலுக்கடியிலுள்ள திசுநீரைத்தான் அளக்கிறது. இரத்தத்தில் ஏற்படும் மாற்றம் அங்கே தெரியச் சில நிமிடங்கள் தாமதமாகும். கை அழுந்தினால் எண் பொய்யாக இறங்கும். மயக்கத்தில் இரத்த அழுத்தம் தாழும்போதும் அதை நம்ப முடியாது. “இவ்வளவு விலை கொடுத்து மாட்டியிருக்கிறமுங்க, மறுபடியும் எதுக்குங்க விரல்ல குத்தறீங்க?” என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். தயவுசெய்து விரலை நீட்டுங்கள்.

அலாரம் அடித்தால் முதலில் செவிலியரை அழையுங்கள். வீட்டில் இருந்தால் குளுக்கோமீட்டரில் பாருங்கள். உண்மையிலேயே 70-க்குக் கீழ் இருந்தாலோ, வியர்வையும் நடுக்கமும் இருந்தாலோ, குளுக்கோஸ் கரைத்த நீரைக் கொடுத்துவிட்டு உடனே எங்களுக்குச் சொல்லுங்கள். பால் வேண்டவே வேண்டாம். மயக்க மருந்துக்கு முன் தெளிந்த நீருக்கு 2 மணி நேர இடைவெளி போதும், பாலுக்கு 6 மணி நேரம் வேண்டும்.

சென்சாரின் உண்மையான பயன் அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய வாரங்களில்தான் இருக்கிறது. மூன்று மாதச் சராசரியான ஹெச்பிஏ1சி 8 சதவீதத்துக்குள் இருப்பதையே, அவசரமற்ற அறுவைச் சிகிச்சைக்கு முன் நாங்கள் விரும்புகிறோம். ஆனால் நள்ளிரவில் சர்க்கரை தாழ்வதை அந்தச் சராசரி காட்டாது, சென்சாரின் செல்போன் செயலியிலுள்ள வரைபடம் காட்டும். முன்பரிசோதனைக்கு வரும்போதே அதைக் கொண்டுவந்தால் இன்சுலின் அளவை நாங்கள் திருத்தித் தர இயலும். நீங்களாக இன்சுலினை நிறுத்திவிடாதீர்கள்.

எந்தக் குளுக்கோஸ் சென்சாரும் காட்டாத ஆபத்து ஒன்று உண்டு. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகளை அறுவைச் சிகிச்சைக்கு 3 நாட்களுக்கு முன்பே நிறுத்தாவிட்டால், குளுக்கோஸ் அளவு ஏறக்குறைய சரியாக இருக்கும்போதே இரத்தத்தில் கீட்டோன் அமிலம் பெருகக்கூடும். இதயத்துக்காகவோ சிறுநீரகத்துக்காகவோ இவற்றைச் சாப்பிடுபவர்கள் ‘சர்க்கரை மாத்திரை’க் கணக்கில் இவற்றைச் சொல்வதே இல்லை. ஆகவே எல்லா மாத்திரைகளையும் அட்டையோடு கொண்டுவாருங்கள்; டப்பாவில் பிரித்துப் போட்டுவந்து ‘வெள்ளை மாத்திரைங்க’ என்றால் எங்களால் கண்டுபிடிக்க இயலாது.