பிராக்டியேட் – தகட்டுக் காசு

12ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலிருந்து 14ஆம் நூற்றாண்டு வரை ஜெர்மானிய நிலப்பகுதிகளில், முக்கியமாக சாக்சனி, துரிங்கியா, ஹார்ட்ஸ் மலையைச் சுற்றிய ஊர்களில் புழங்கிய மெல்லிய வெள்ளிக் காசுக்குப் பெயர் பிராக்டியேட். வேர் இலத்தீன். 'பிராக்டியா' என்றால் அடித்து மெலிதாக்கிய உலோகத் தகடு. ஆனால் அந்தக் காசைக் கையில் வைத்திருந்தவர்கள் அதை இப்படி அழைக்கவில்லை. அவர்களுக்கு அது ஃபென்னிக். இலத்தீனில் எழுதியவர்களுக்கு தெனாரியஸ். பிராக்டியேட் என்பது நாணய ஆய்வாளர்கள் பிற்காலத்தில் இட்ட பெயர்.

வழக்கமாகக் காசை இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்து அடிப்பார்கள். இதற்கு ஒரே அச்சுதான். தகட்டுக்கு அடியில் தோல் மாதிரி மெத்தென்ற ஒன்றை வைத்து அடித்தால், முன்பக்கம் உருவம் புடைத்து நிற்கும். பின்பக்கம் அதே உருவம் குழிந்து தெரியும். எடை பெரும்பாலும் ஒரு கிராமுக்குள் அடங்கிவிடும். அகலமோ சில காசுகளில் 4 செ.மீ.க்கு மேல் போகும். அந்த அகலத்தை அச்சு வெட்டியவர்கள் அருமையாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். சிங்கம் ஹென்றி என்று பெயரெடுத்த சாக்சனி கோமகனின் காசில் மதிலும் கோபுரமும் சூழ ஒரு சிங்கம் நிற்கிறது. குவெட்லின்பர்க் மடத்தின் தலைவியர் வெளியிட்ட காசுகளில் அவர்களே இருக்கையில் அமர்ந்திருக்கிறார்கள். மறைமாவட்ட ஆயர், கோமகன், மடத்தலைவி என்று நாணய உரிமை பெற்ற ஒவ்வொருவரும் தனித்தனியாக அடித்ததால்தான் இத்தனை வகை. போலந்தை ஆண்ட கோமகன் மூன்றாம் மியெஷ்கோ காலத்து பிராக்டியேட்டுகள் சிலவற்றில் எபிரேய எழுத்துகூட இருக்கிறது. அங்கே நாணயச்சாலைப் பொறுப்பில் யூதர்கள் இருந்தார்கள்.

அழகுக்குப் பின்னால் ஒரு வரியும் இருந்தது. ஆட்சியாளர் அவ்வப்போது பழைய காசைச் செல்லாததாக்கி, புதியதை மாற்றிக்கொள்ளச் சொல்வார். 12 பழைய காசு கொடுத்தால் 9 புதிய காசு என்பது பரவலாக இருந்த கணக்கு. அதாவது கால் பங்கு போய்விடும்! மாக்டெபர்க் பேராயர் விக்மன் இதை ஆண்டுக்கு இருமுறை செய்தார். கொஞ்ச காலமே புழங்கப்போகிற காசுக்கு மெல்லிய தகடு போதும். பணத்தைச் சேர்த்து வைத்தவர்களுக்கு இது பெரிய இடி. பின்னாளில் நகரங்கள் ஆட்சியாளரிடம் பணம் கொடுத்து நாணய உரிமையை வாங்கி, மாற்றத் தேவையில்லாத 'நிலையான ஃபென்னிக்'கை வெளியிட்டதற்குக் காரணம் இதுதான்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'ஒருபக்கக் காசு' போதாது. ஒரு பக்கம் மட்டும் அச்சிட்ட தடித்த காசுகளும் உலகில் உண்டு. பிராக்டியா என்ற சொல்லுக்கு நம் 'ரேக்கு' (தாள்போல் மெலிதாக அடித்த உலோகம்) நெருக்கமாக வரும். ஆனால் ரேக்கு ஊதினால் பறந்துவிடும், காசாகக் கைமாறாது. 'தகட்டுக் காசு' என்பதே என் தேர்வு. மெல்லிய உலோகம் என்ற மூலச்சொல்லின் பொருளும் இதில் இருக்கிறது, கேட்டவுடன் உருவமும் மனத்தில் வந்துவிடுகிறது. 'தகட்டு நாணயம்' என்றாலும் தவறில்லை.

ஒரு எச்சரிக்கை: 5, 6ஆம் நூற்றாண்டுகளில் ஸ்காண்டிநேவியாவில் கழுத்தில் அணிந்த ஒருபக்கப் பொன் வில்லைகளையும் ஆய்வாளர்கள் பிராக்டியேட் என்றே அழைக்கிறார்கள். அவை காசு அல்ல, அணிகலன். அவற்றைத் 'தகட்டுப் பதக்கம்' என்று தனியாகக் குறிப்பது நல்லது.