தட்டையான ஃபோம் தலைக்கவசமாவது எப்படி?

ஹீட் கன்னின் சூடான காற்று படப்பட, சாம்பல் நிற ஃபோம் தாளின் மங்கலான மேற்பரப்பு மெல்ல மினுமினுக்கத் தொடங்கும். அதுதான் பதம். உடனே தாளைத் தூக்கி, கையுறை போட்ட கைகளால் ஒரு கிண்ணத்தின் முதுகில் வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். அரை நிமிடம் அசையாமல் இருந்தால், கையை எடுத்த பிறகும் வளைவு அப்படியே நிற்கும். வீட்டிலேயே சூப்பர்ஹீரோ உடை செய்கிறவர்களுக்கு இது பழகிய வேலை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் எனக்கு அது வியப்பாகவே இருக்கிறது.

அந்தத் தாள் எத்திலீன் வினைல் அசிடேட், சுருக்கமாக ஈ.வி.ஏ. ஓட்டக் காலணிகளின் அடிப்பாகத்திலும், குழந்தைகள் விளையாடத் தரையில் கோத்துப் போடும் புதிர் விரிப்பிலும் இருப்பது இதுதான். இதன் பெரும்பகுதி காற்று என்பதால் எடை குறைவு. ஒரு கன மீட்டருக்கு 100 கிலோ அடர்த்தியுள்ள 10 மி.மீ. தாள், ஒரு சதுர மீட்டருக்கு 1 கிலோதான் இருக்கும். அதே பரப்புக்கு 1 மி.மீ. இரும்புத் தகடு என்றால் கிட்டத்தட்ட 8 கிலோ! நாள் முழுக்க மாட்டிக்கொண்டு நடக்க எது உதவும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் தாள் தட்டை. உடம்பு தட்டை இல்லை. மணிக்கட்டுக் கவசத்தில் இது பிரச்சினையே இல்லை. தாளைச் சுருட்டினால் உருளை கிடைத்துவிடும். தலைக்கவசத்துக்கு வரும்போதுதான் தாள் முரண்டு பிடிக்கும். ஒரு பந்தைச் செய்தித்தாளால் மூடிப் பாருங்கள், எப்படி மடித்தாலும் சுருக்கம் விழும். ஒரு தட்டையான பரப்பை இழுக்காமலும் சுருக்காமலும் கோளமாக்க முடியாது என்று கணித மேதை காஸ் 1827-லேயே நிறுவிவிட்டார்.

எவ்வளவு மிஞ்சும் என்று கணக்குப் போட்டே சொல்லலாம். தலையின் மேற்பகுதியை 10 செ.மீ. ஆரமுள்ள அரைக்கோளம் என்று வைத்துக்கொள்வோம். உச்சியிலிருந்து விளிம்பு வரை பரப்பின்மேல் அளந்தால் 15.7 செ.மீ. அந்த ஆரத்தில் வட்டமாகத் தாளை வெட்டினால் அதன் சுற்றளவு சுமார் 99 செ.மீ. ஆனால் அரைக்கோளத்தின் விளிம்போ 63 செ.மீ.தான். ஆக, 36 செ.மீ. தாளை விளிம்பிலிருந்து எங்கேயாவது ஒளித்தாக வேண்டும். தையற்காரர்கள் ரவிக்கையில் துணியை முக்கோணமாக மடித்துத் தைத்து டாட் பிடிப்பது இதற்காகத்தான். ஃபோமில் மடித்துத் தைக்க முடியாததால், முக்கோணத் துண்டுகளாக வெட்டி எடுத்துவிட்டு விளிம்புகளை ஒட்டுகிறோம். எட்டு இடத்தில் வெட்டினால், ஒவ்வொன்றும் அடியில் நாலரை செ.மீ. அகலம்.

வெட்டு எங்கே வர வேண்டும் என்பதை உடம்பே காட்டிக்கொடுக்கும். மார்புக் கவசத்துக்கு, பழைய டீ-சர்ட்டின்மேல் உணவு பொதியும் மெல்லிய பிளாஸ்டிக் உறையைச் சுற்றி, அதன்மேல் மாஸ்க்கிங் டேப்பை ஒட்டிக்கொண்டே போக வேண்டும். கவசத்தின் கோடுகளை டேப்பின்மேல் வரைந்து, கோடுகளுக்குக் குறுக்கே அங்கங்கே சின்னக் கீறல் அடையாளங்களும் போடுங்கள். பிறகு இன்னொருவர் மழுங்கிய முனையுள்ள கத்தரியால் அந்தக் கூட்டை வெட்டிக் கழற்றட்டும். துண்டைத் தரையில் விரித்ததும் எந்த இடம் படிய மறுத்துத் தூக்கி நிற்கிறதோ, டாட் அங்கேதான். ஒட்டும்போது எந்த விளிம்பு எதனோடு சேரும் என்பதற்குக் கீறல்கள்தான் வழிகாட்டி. அவை இல்லாமல் வேலை செய்வதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

டாட் வெட்டி ஒட்டினால் மூலைகள் உள்ள வடிவம் கிடைக்கும். அந்த மூலைகளை உருட்டி எடுப்பது வெப்பம். ஈ.வி.ஏ.யின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளில் எத்திலீன் பகுதிகள் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிக்கொண்டு நுண்ணிய படிகங்களாகின்றன. இடையிடையே துருத்தி நிற்கும் வினைல் அசிடேட் அந்த அடுக்கைக் குலைப்பதால்தான் பொருள் மென்மையாக இருக்கிறது. ஃபோம் தயாரிக்கும்போது சங்கிலிகளுக்கு இடையே நிரந்தர முடிச்சுகளையும் போட்டுவிடுவார்கள். பெரும்பாலான வகைகளில் 70 முதல் 90 டிகிரி செல்சியஸுக்குள் படிகங்கள் உருகிவிடும், முடிச்சுகள் மட்டும் நிற்கும். அதனால் தாள் வழிந்து ஓடாமல் துணிபோலத் துவளும். வளைத்துப் பிடித்து ஆறவிட்டால், படிகங்கள் வளைந்த நிலையிலேயே மறுபடி உருவாகி அதைப் பூட்டிவிடுகின்றன.

முடிச்சுகள் மட்டும் பழைய தட்டை வடிவத்தை மறப்பதில்லை. மூன்று வாரம் உழைத்துச் செய்த ஒரு தோள்கவசத்தை நான் வெயிலில் நின்ற காரின் டாஷ்போர்டில் வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது அது பாதி விரிந்து கிடந்தது. கண்ணாடிக்குக் கீழே வெயில் பட்ட இடத்தில் படிகங்கள் இளகியதும், முடிச்சுகள் தாளைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டன. உள்பக்கம் ஒரு பட்டையை வளைத்து ஒட்டியிருந்தால் அந்த இழுப்பைத் தாங்கியிருக்கும்.

பசையிலும் பொறுமைதான் பாதி வேலை. காண்டாக்ட் சிமென்ட்டில் இருப்பது பெரும்பாலும் நியோபிரீன் என்ற செயற்கை ரப்பர், கரைப்பானில் கரைக்கப்பட்டிருக்கும். ஃபோமின் காற்றறைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக மூடியவை, எதையும் உறிஞ்சாது. ஈரத்தோடு அழுத்தினால் கரைப்பான் வெளியே போக வழியின்றி நடுவில் சிக்கிக்கொள்ளும். இரு விளிம்பிலும் மெல்லியதாகத் தடவி, 10, 15 நிமிடம் விடுங்கள். தொட்டால் பிசுபிசுக்க வேண்டும், விரலில் வரக் கூடாது. அப்போது சேர்த்தால் இரு பக்கத்து ரப்பர் சங்கிலிகளும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து ஒரே படலமாகிவிடும். பசை காயும்போது கிளம்பும் கரைப்பான் ஆவி மூளையைத் தாக்கும், தீயும் பிடிக்கும். சாதாரணத் தூசி முகமூடி அதைத் தடுக்காது. ஜன்னலைத் திறந்து வைத்து, கரிம ஆவிக்கான வடிகட்டி உள்ள முகமூடியைப் போடுங்கள்.

உள்ளே அணியும் இறுக்கமான உடைக்கு ஸ்பான்டெக்ஸ் என்ற நீளும் இழை கலந்த துணி வேண்டும். நேர்த்தையல் போட்டால் துணி நீளும், நூல் நீளாது, முதல்முறை குனிந்ததும் அறுந்துவிடும். ஜிக்ஜாக் தையலில் நூல் நீள்வதற்கு இடம் இருக்கிறது.

பெயின்ட் அடிக்கும் முன் ஃபோம் முழுவதையும் ஒருமுறை லேசாகச் சூடாக்கினால் மேலே திறந்திருக்கும் நுண்துளைகள் மூடிக்கொள்ளும். பிறகு வளைந்துகொடுக்கும் ப்ரைமரை மெல்லிய பூச்சுகளாக அடிக்க வேண்டும். உலோகப் பளபளப்பின் ரகசியம் பெயின்ட்டில் இருப்பதைவிட இந்த அடித்தளத்தில்தான் அதிகம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர். மேடுபள்ளங்கள் அதைவிடப் பெரிதாக இருந்தால் ஒளி சிதறி, வெள்ளிப் பெயின்ட்டும் வெறும் சாம்பலாகத் தெரியும்.

கவசம் தயாரானதும் கவனிக்க வேண்டியது உள்ளே இருக்கும் ஆள். சும்மா உட்கார்ந்திருக்கும் உடம்பே சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியேற்றுகிறது, நடந்தால் அது இன்னும் ஏறும். ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துப் போகிறது. 100 வாட்டை வியர்வையால் மட்டுமே போக்க வேண்டுமென்றால் மணிக்கு 150 கிராம் ஆவியாக வேண்டும். வழிந்து சொட்டும் வியர்வை இந்தக் கணக்கில் சேராது. ஆவி வெளியேறக் காற்று ஓட வேண்டும், மூடிய அறைகள் கொண்ட ஃபோமோ காற்றை விடாது. அதனால் அக்குளிலும் முதுகிலும் கவசத்தைத் திறந்தே விடுங்கள். தலைக்கவசத்தில், பவர் பேங்க்கில் ஓடும் 5 வோல்ட் சின்ன விசிறி ஒன்றை உச்சியின் பின்பக்கம், காற்றை வெளியே தள்ளும்படி பொருத்துங்கள். தாடைக்குக் கீழே விரலளவு இடைவெளி விட்டால் புதுக் காற்று அங்கிருந்து ஏறி, கண்ணாடியில் படியும் மூச்சு ஆவியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு மேலே போய்விடும்.